ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தாய்மாமன்

என் அக்கா கஸ்தூரி இரண்டு விஷயத்தில் யாரோடும் சமாதானம் பேசமாட்டாள். ஒன்று, மீன் குழம்பில் புளி. இன்னொன்று, கல்யாணத்தில் முறை. அவள் மகன் தினேஷ் எஸ்தோனியா என்கிற நாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அங்கே யூலியா என்றொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் போனில் சொல்லிவிட்டான். அன்றைக்கு முழுக்க அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு சேலியமேட்டிலிருந்து பாகூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள்.

"டேய் ஏழுமல, வெள்ளைக்காரியா இருந்தா இன்னா, நம்ம வூட்டுக்கு வர்ற பொண்ணு. முறையா போயி கேட்டு, தட்டு மாத்திக்கினு வா. எனுக்கு முட்டி வலி, ஏரோப்ளேன்ல குந்த முடியாது. நீதான தாய்மாமன்?"

நான்தான் தாய்மாமன். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் என்கிற வட்டாரத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரப்புச் சண்டையில் சங்கிலி பிடித்து, எல்லைக்கல் நட்டு, இரண்டு பக்கமும் திட்டு வாங்கியே உத்தியோகம் முடிந்துவிட்டது. மாமன் என்கிற உத்தியோகத்துக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது. பித்தளைத் தட்டு, பட்டுப்புடவை, தேங்காய், பாக்கு, மஞ்சள், குங்குமம், ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விசா வாங்கிய கதையைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை.

முதல் நாள், தலைநகரமான தாலினில் இறங்கியதும் ஒரு நாய் வந்து என் கைப்பையை முகர்ந்தது. வில்லியனூர் மார்க்கெட் வெற்றிலை அதற்குப் புதிது. தும்மிவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்த பிறகுதான் தினேஷ், "மாமா, எலை தழையெல்லாம் எடுத்தாரக் கூடாது. மாட்டியிருந்தா ஃபைனு" என்றான். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் முகத்திலேயே காட்டிக் கொடுத்திருப்பேன்.

இந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய எங்கள் புதுச்சேரி அளவுதானாம். ஆனால் சொந்தமாகப் பட்டாளம், பாராளுமன்றம், ஒரு தனி மொழி என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூட்டம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில் எங்கள் தவளக்குப்பத்துக்காரர்கள் ஒரு டீக்கடையே போட்டுவிடுவார்கள்.

பெண் வீடு நர்வா என்னும் எல்லை ஊரில். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். நடுவில் ஓர் ஊரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. தினேஷ் காதில் எதையோ செருகிக்கொண்டு தூங்கிவிட்டான். எழுப்ப மனசு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் சீட்டில் போட்டுவிட்டு இறங்கினேன். துண்டு கிடக்கிற சீட்டை விட்டுவிட்டுப் புறப்படும் தைரியம் எங்கள் பக்கத்து பஸ் எதற்கும் கிடையாது. ஏறுகிறவர்களே, "துண்டுக்காரரு வரட்டும்பா" என்று கண்டக்டரை நிறுத்திவைப்பார்கள். அந்த நம்பிக்கையில் நிதானமாகக் கழிப்பறையைத் தேடிப் போனேன். கதவை எப்படித் திறப்பது என்று ஒரு வயதான அம்மாள் வந்துதான் காட்டிக்கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் பஸ் நின்ற இடம் பளிச்சென்று துடைத்துவிட்டமாதிரி இருந்தது.

கால் மணி கழித்து போன் வந்தது. "மாமா, துண்டு கீது, நீ எங்க?"

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். கதவு திறந்துவிட்ட அம்மாளும் அதே பெஞ்சின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நர்வா என்றேன். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் பேச்சே இல்லை. கோபமோ என்று நினைத்தேன். இந்த நாட்டில் அதற்குப் பெயர் யோசனையாம்.

"அங்கே போனால் என் மொழியில் ஒரு ரொட்டி கேட்டு வாங்க முடியாது, என் சொந்த நாட்டில்" என்றார் கடைசியில். இன்னும் ஐந்து நிமிஷம் போனது. "நாங்கள் ரஷ்யாவுக்குக் கீழே இருந்த காலத்தில், என் அம்மா சின்னப் பிள்ளை. சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அந்த மொழியைக் கேட்டாலே நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவேன்." சொல்லிவிட்டு, பையிலிருந்து சாக்லேட் பூசிய இனிப்புத் தயிர்க்கட்டி ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்து எனக்குக் கொடுத்தார். அதைத் தின்றேன், நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் பெண் வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவள் யூலியா. தினேஷிடமே தமிழ் கற்றுக்கொண்ட பெண், ஆகவே அவள் பேசுவது அச்சு அசல் சேலியமேடு.

"வா மாமா, நல்லா கீறியா? வூட்டுக்குள்ள வா, குந்து" என்றாள். நீல நிறக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பெண் இப்படிப் பேசியதும் எனக்குப் பாதிப் பயணக் களைப்பு போய்விட்டது.

அவள் அம்மா கலீனா ஐம்பத்தெட்டு வயதுக்காரர். கணவர் இறந்து பல வருஷம். ஊரில் பெரிய பஞ்சாலை ஒன்று இருந்த காலத்தில் அதில் நெசவுப் பிரிவில் வேலை. ஆலை மூடிவிட்டது. எங்கள் பக்கத்திலும் மில் மூடித்தான் கிடக்கிறது என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மில் மூடிய துக்கம் விசாரித்துக்கொண்டோம். சம்பந்தம் பேச இது நல்ல தொடக்கம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு ரொட்டிமேல் வெண்ணெய், வெண்ணெய்மேல் உப்பில் ஊறிய நெத்திலிமாதிரி ஒரு மீன், அதன்மேல் அவித்த முட்டை. பிறகு பீட்ரூட் போட்ட ரத்தச் சிவப்பு ரசம். பிறகு உள்ளே கறி வைத்த சின்னச் சின்னக் கொழுக்கட்டை. எல்லாவற்றின்மேலும் சோம்பு வாசனை அடிக்கிற ஒரு தழையைத் தூவிவிடுகிறார்கள். தண்ணீர் டம்ளரிலும் இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். மீனை நான் விடவில்லை. ஆறு துண்டு ரொட்டி உள்ளே போனபோது கலீனாவுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது தெரிந்தது.

அப்போதுதான் கேட்டேன். "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? கூப்புடுங்க, பேசி முடிச்சிடலாம்."

யூலியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு. எங்கள் தென்பெண்ணையைவிட அகலம் குறைவு. இந்தக் கரையில் ஒரு கோட்டை, எதிர்க்கரையில் ஒரு கோட்டை. எதிர்க்கரை ரஷ்யா. கலீனாவின் தம்பி விக்டர் அங்கே குடியிருக்கிறார். கல்யாணம் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன காலத்தில் இரண்டும் ஒரே நாடு, காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஜன்னல் ஓரத்தில் ஒரு பைனாகுலர் இருந்தது. பறவை பார்ப்பதற்கு என்றார் கலீனா. ஆற்றில் ஒரு பறவையும் இல்லை.

தினேஷ் எனக்கு விளக்கினான். இந்த ஊரில் ஏறக்குறைய எல்லோருமே ரஷ்ய மொழிக்காரர்கள். நாடு பிரிந்தபோது, ரஷ்யாவுக்குக் கீழே இருந்த காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கவில்லை. எஸ்தோனிய மொழியில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். கலீனா இரண்டு தடவை எழுதித் தவறிவிட்டார். பேசிப் பழக இந்த ஊரில் ஆள் இருந்தால்தானே? அவர் கையில் இருப்பது சாம்பல் நிறப் பாஸ்போர்ட். குடியுரிமை என்ற இடத்தில் எந்த நாடும் இல்லாமல், 'தீர்மானிக்கப்படவில்லை' என்று போட்டிருக்கிறது.

எங்கள் தெருவிலும் இந்தமாதிரிக் காகித விவகாரம் உண்டு. பிரெஞ்சுக்காரன் போனபோது ஒரு கையெழுத்துப் போட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், போடாதவர்கள் இந்தியர்கள். அண்ணன் அந்த நாடு, தம்பி இந்த நாடு, நடுவில் ஒரே மதில் சுவர். ஆனால் அந்தக் காகிதத்துக்காக யாரும் பேச்சை நிறுத்தவில்லை. இங்கே அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருஷம் தாண்டிவிட்டதாம்.

"இவங்க தம்பி ஒருநாள் ஃபோன் பண்ணிக்கிறாரு மாமா" என்று தினேஷ் ஆரம்பித்தான். "'பயப்படாத கா. அந்த ஊர்க்காரன் நம்ம ஜனத்த ரொம்ப கொடும பண்றான்னு டிவில சொல்றாங்க. நம்ம ஆளுங்க வந்து உன்ன மீட்டுடுவாங்க'ன்னு. இவங்க, 'என்ன யாருடா புடிச்சி வச்சிக்கினுகிறான், மீட்கறதுக்கு? நான் இப்பதான் கடைக்குப் போயி பால் வாங்கியாந்தேன்'னு சொல்லிக்கிறாங்க."

"அப்பறம்?"

"'உனுக்கு ஒரு பாஸ்போர்ட்கூட குடுக்கல, அவனுங்களுக்கா சப்போர்ட் பண்ற'ன்னு அவரு கேட்டுக்கிறாரு. 'குடுக்கலன்னு எனுக்கும் கோவம்தான். அது எனுக்கும் இவங்களுக்கும். நீ யாரு நடுவுல'ன்னு ஃபோன வச்சிட்டாங்க. அவ்ளோதான்."

தினேஷின் மொழிபெயர்ப்பில் ரஷ்யாக்காரர்கள் எல்லோரும் பாகூர் ஏரிக்கரையில் பிறந்தவர்கள்போலத்தான் பேசுவார்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

நான் எங்கள் கதையைச் சொன்னேன். எங்கள் கொம்யூனைச் சுற்றித் தமிழ்நாடு. அதே மொழி, அதே சாமி, அங்கேதான் பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம். ஆனால் எங்களை அவர்களோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு வந்தபோது ஊரே கொந்தளித்தது. ஒரே மொழிதானே, சேர்ந்தால் என்ன என்று கலீனா கேட்டார். "நாங்க எங்க பாட்டுக்குக் கீறோம்" என்றேன்.

யூலியா அதை மொழிபெயர்த்ததும் கலீனா மேஜையில் படாரென்று தட்டினார். தட்டில் இருந்த கொழுக்கட்டை ஒன்று உருண்டு கீழே விழுந்தது. "இதத்தான் நான் எந்தம்பிக்கிட்ட சொன்னேன்னு சொல்றாங்க மாமா" என்றாள் யூலியா.

அந்த நல்ல நேரத்தில் நான் பேசாமல் தட்டை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் தலைக்குள் மாமன் ஏறி உட்கார்ந்துகொண்டான். எனக்கு எதிரே தட்டைப் பிடிக்க ஒரு மாமன் வேண்டாமா? அப்பா இல்லாத பெண்ணுக்கு மாமனும் இல்லையென்றால் சபையில் யார் கையில் கொடுப்பேன்? தம்பி வராமல் தட்டு மாறாது என்று சொல்லிவிட்டேன். யூலியா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னாள். கலீனா சத்தமே இல்லாமல் எழுந்து, என் பித்தளைத் தட்டைத் துணியால் துடைத்து, என் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

யூலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தினேஷ் என்னைப் பார்த்த பார்வையில் மாமன் என்கிற மரியாதையே இல்லை. "அவங்க ஊரு சண்டைய அவங்க நாடுங்களாலயே தீக்க முடியல. நீ வந்து ஒரு தட்ட வச்சிக்கினு தீக்கப் போறியா மாமா?" அக்காவை வீடியோவில் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். "உன்ன சம்பந்தம் முடிக்க அனுப்பனனா, முறிக்க அனுப்பனனா?" என்று போனையே வைத்துவிட்டாள். அக்கரை, இக்கரை, சேலியமேடு மூன்று இடத்திலும் எனக்கு ஆள் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடி நீனா என்ற கிழவி கையில் பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர்தான் என் பெட்டியை ஒரு மாடி தூக்கிக்கொடுத்தார், எழுபது வயதில். வாராவாரம் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகிறவர் என்று யூலியா சொல்லியிருந்தாள். அங்கே அவர் புருஷனின் கல்லறை இருக்கிறது. பை நிறையப் பூ. நானும் பின்னாலேயே இறங்கினேன்.

பாலத்தில் வண்டி போகாது. நடந்துதான் போக வேண்டும், அதற்கும் நீண்ட வரிசை. ஒவ்வொரு பையையும் கொட்டிப் பார்க்கிறார்கள். விஷயம் தெரியாமல் நானும் வரிசையில் நின்றேன். எங்கள் முள்ளோடையில், தமிழ்நாட்டு எல்லையில், பிராந்தி பாட்டில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இங்கே ஒரு இளம் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை என்றார். சரி, நான் போகவில்லை, அவர் வரட்டும் என்றேன். யார் என்றார். பெண்ணுக்குத் தாய்மாமன் என்றேன். ரஷ்யக் குடிமகனா, அவருக்கு இங்கே வர விசா கிடைப்பது கஷ்டம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கும் ஒரு மாமன் இருப்பான்.

என் மூளை அப்போது ஒரு வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டால், பகையாளியாக இருந்தாலும் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அழைத்தவனுக்கு அவமானமில்லை, வராதவனுக்குத்தான். தோளில் கிடந்த பையில் வெற்றிலை இருந்தது. ஐந்து வெற்றிலை, இரண்டு பாக்கு, ஒரு மஞ்சள் துண்டு எடுத்துக் கைக்குட்டையில் கட்டினேன். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, கலீனாவின் தம்பி விக்டரிடம் கொடுக்க வேண்டும், இது கல்யாண அழைப்பு என்று நீனாவிடம் சொன்னேன். விக்டரைத் தெரியும் என்று தலையாட்டிவிட்டு முடிச்சை முகர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பூவுக்கு நடுவில் செருகிக்கொண்டார்.

கிளம்பும் முன்னால் என் போனின் மொழிபெயர்ப்பில் ஒன்று பேசினார். அது தமிழில் இப்படி வந்தது: "அந்தப் பக்கத்தார் எங்களைத் தங்கள் ஆள் என்கிறார்கள். இந்தப் பக்கத்தார் எங்களை அவர்களின் ஆளோ என்று சந்தேகப்படுகிறார்கள். எனக்கு முழங்கால் வலிக்கிறது."

சாயங்காலம் நீனா திரும்பி வந்து படியில் நின்று கதையைச் சொன்னார். தினேஷ் எனக்குச் சொன்னான். அக்கரையில் ஒரு அதிகாரி முடிச்சை அவிழ்த்துவிட்டாராம். இது என்ன இலை? கல்யாணப் பத்திரிகை என்றாராம் நீனா. எழுத்து எங்கே? படிக்கத் தெரிந்தவனுக்குத் தெரியும் என்றாராம். அதிகாரி அவருடைய மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, கடைசியில் நீனா ஒரு வெற்றிலையைக் கிழித்து வாயில் போட்டு மென்று காட்டியிருக்கிறார். அதனால் விக்டருக்குப் போய்ச் சேர்ந்தது நாலு வெற்றிலை. இரட்டைப்படை ஆகாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நாலாம் நாள் காலை யூலியாவின் போன் அடித்தது. விக்டர். ஆற்றங்கரையில் நிற்கிறாராம், இலையை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாராம். எல்லோரும் கீழே ஓடினோம். கலீனா நாங்கள் ஓடுவதைப் பார்க்க வருகிறவர்போலப் பின்னால் வந்தார்.

எதிர்க்கரையில் தடித்த மனிதர் ஒருவர், தலையில் ஒன்றுமில்லாமல், கையில் பச்சையாக எதையோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. நான் பித்தளைத் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அவர் இலையை ஆட்டினார். இரண்டு நாட்டு எல்லைக் காவலும் எங்களைப் பற்றி என்ன குறிப்பு எழுதியதோ தெரியாது.

"வாங்கினா வந்துதான் ஆகணுமாம், எங்க மாமா சொல்றாரு" என்று யூலியா போனில் சொன்னதை எனக்கும் தமிழில் சொன்னாள். விக்டர் என்னமோ சொன்னார். "அக்கரைக்கு எப்படி வர்றது, வுட மாட்டாங்கன்றாரு மாமா."

அங்கேதான் சர்வேயர் புத்தி உதவிக்கு வந்தது. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளாத வரப்பில் நின்று அளந்தால் கல் ஊன்ற முடியாது. மூன்றாவது வயலில் நின்றுதான் அளவு எடுக்க வேண்டும். "இங்க வர வேணாம், பாகூருக்கு வரச் சொல்லு. கல்யாணத்துக்கு முந்துன நாள் சாயங்காலம் தட்டு மாத்திக்கலாம். எங்க ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் பண்றான்" என்றேன்.

வருகிறேன் என்றாராம் விக்டர், மருமகளுக்காக.

கலீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், ஆற்றைப் பார்க்காமல் மகளிடம் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். "'குல்லா போடச் சொல்லு, காது வலி வந்துடும் அவனுக்கு'ன்றாங்க" என்றாள் யூலியா.

ஐந்தாம் நாள் என்பது மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில், பாகூரில் வருகிறது. பயணக் கட்டுரையில் இப்படிச் செய்யலாமா என்று தெரியவில்லை, ஆனால் என் பயணம் அதுவரை முடியவில்லை.

கலீனாவும் யூலியாவும் என் வீட்டில் தங்கினார்கள். விக்டர் வேறு வழியாக, வேறு விமானத்தில் வந்து தவளக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். ரஷ்யாக்காரர் வருகிறார் என்று எங்கள் பங்காளிகள் பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், விக்டர் தொடவேயில்லை. எலுமிச்சம்பழ ஜூஸ் கேட்டார். பங்காளிகளுக்கு வந்த சோர்வைப் பார்க்க வேண்டுமே.

பேச்சு மட்டும் இன்னும் இல்லை. என் அக்கா வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் இந்தக் கோடி, ஒருவர் அந்தக் கோடி. "அம்மாவிடம் உப்பு கேள்" என்று தம்பி ரஷ்ய மொழியில் சொல்ல, யூலியா திரும்பி அதையே ரஷ்ய மொழியில் அம்மாவிடம் சொல்லுவாள். என் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஏழுமல, நாளைக்கு மணையில இப்படி மூஞ்சத் திருப்பிக்கினு நின்னா ஊரு சிரிக்குமேடா. உன்னாலதான்டா" என்றாள். உண்மைதான், என்னால்தான். இரண்டு பேரையும் இவ்வளவு தூரம் இழுத்துவந்து, சபையில் மறுபடி முறித்துவிடுவேனோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

தட்டு மாற்றும் நாள் காலையில் பூ வாங்கக் கடலூர் போக வேண்டியிருந்தது. தினேஷ் கார் ஓட்ட, முன்னால் நான், பின்னால் கலீனா, நடுவில் யூலியா, அந்தப் பக்கம் விக்டர். கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் ஒயின் ஷாப் வரிசை முடிகிற இடத்தில், தமிழ்நாடு வரவேற்கிறது என்கிற பலகை தெரிந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வண்டிகளைப் பார்த்தபடி நின்றார். பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினால், அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பையைத் துழாவிப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அது தேவையில்லை, இதுதான் எங்கள் எல்லை, சும்மா போகலாம் என்று யூலியாவிடம் சொல்லி அவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். விக்டர் நம்பவில்லை. சுற்றுமுற்றும் கம்பிவேலியைத் தேடினார். கலீனா கையில் இருந்த சாம்பல் பாஸ்போர்ட்டை சீட்டில் வைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். என் அக்கா கட்டிவிட்ட புடவையின் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரமாக, அந்தக் காக்கிச் சட்டைக்காரரை நோக்கி நேராக நடந்தார்.

விக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கால்யா!" என்று ஒரு கத்தல். அக்காவை வீட்டில் கூப்பிடுகிற பெயராம் அது. சீட்டில் கிடந்த பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பெரிய உடம்போடு ஓடினார். ஒரு செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடந்தது. ரஷ்ய மொழியில் கத்திக்கொண்டே ஓடினார். மொழிபெயர்ப்புக்கு நான் திரும்பினால், யூலியா அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"'நில்லு, புடிச்சிடுவாங்க, காகிதம் எங்கிட்ட கீது, எங்கக்காதான், அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க'ன்றாரு மாமா."

காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். "பாட்டில் எதுனா கீதா சார்?" என்றார். மூச்சு வாங்க விக்டர் சாம்பல் பாஸ்போர்ட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "போங்க சார், போங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று கையைக் காட்டிவிட்டு, பின்னால் வந்த ஒரு பைக்கை நிறுத்தப் போய்விட்டார்.

கலீனா தமிழ்நாட்டுப் பக்கம் நின்றுகொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஒற்றைச் செருப்போடு நின்றவரைத் திட்ட ஆரம்பித்தார். மூன்று வருஷத்துத் திட்டு, கையை நீட்டி நீட்டி, நிறுத்தாமல். விக்டரும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினார். இதை ஒருவரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. பிறகு கலீனா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் வந்தார். நின்றார். யாரும் கேட்கவில்லை. திரும்பி அந்தப் பக்கம் போனார். யாரும் கேட்கவில்லை. மறுபடியும் இந்தப் பக்கம். இப்போது கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். கலீனா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணும் சரியாக இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் நான் சங்கிலி போட்டு அளந்த எல்லைதான் அது. அதைத் தாண்டுவது ஒரு சந்தோஷம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை திரும்பி வரும்போது கலீனா என் பக்கத்தில் நின்று, தட்டு எத்தனை மணிக்கு என்று யூலியா மூலமாகக் கேட்டார். ஆறு மணி என்றேன். "அவன் பிடிப்பான்" என்று சொல்லிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குப் போனார்.

ரோட்டோர டீக்கடைக்காரர் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டீயை நீட்டும்போது கேட்டார், "இன்னா சார், அங்கியும் இங்கியும் நடக்கறாங்க? எதுனா தொலைச்சிட்டாங்களா?"

"இல்லப்பா, சும்மாதான் நடக்கறாங்க."

"சும்மாவா?"

"ஆமா, அவங்க ஊர்ல வுட மாட்டாங்க" என்றேன்.